ஏலக்காரர் ஞானதாஸின் தொண்டை

சதுரங்கப்பட்டினம் மீன் ஏலக்கரையில் ஞானதாஸ் வாயைத் திறந்தால், கோட்டை மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடுகிறவர்களுக்கும் அன்றைய விலை தெரிந்துவிடும். இருபது வருடமாக அந்தக் குரல்தான் அவருக்குச் சோறு போட்டது. பார்வையற்றோர் விடுதிப் பையன்கள் கால்பந்து ஆட ஆரம்பித்தபோது, அதே குரலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பந்துக்குள் மணிகள் கலகலக்கும்; அது எங்கே உருள்கிறது என்பதைக் காது சொல்லிவிடும். கோல் எங்கே, இரும்புக் கம்பம் எங்கே என்பதைச் சொல்லத்தான் கண் தெரிந்த ஒருவர் கோலுக்குப் பின்னால் நின்று கத்த வேண்டும். ஞானதாஸ் "நேரா, ஆறடி, அடி" என்றால், பையன்களில் ஒருவனான சுஹைப் அடிப்பான். யோசிக்க மாட்டான்.

வசந்தா வாரம் இரண்டு நாள் அந்த விடுதிக்குப் போய்ப் பையன்களின் காயங்களுக்குக் கட்டுப் போடுகிறவள். அறுவை சிகிச்சை வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். 2008 பொங்கல் கழிந்து ஞானதாஸின் குரலில் ஒரு கரகரப்பைக் கேட்டாள். சளி என்று நினைத்தாள். மாசி முடியும்போதும் அது அங்கேயே இருந்தது.

"தொண்டை எத்தினி நாளா இப்படி?"

"கத்துறவன் தொண்டை இன்னாக்கா, குயிலு மாதிரியா இருக்கும்? பனங்கல்கண்டு போட்டுகினுதான் கீறேன்."

"முழுங்கினா வலிக்குதா?"

அவர் மைதானத்தைப் பார்த்தார்.

"மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மிக் கெடந்தா டாக்டர் பார்த்தாகணும். நாளைக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வா. நான் கூட வரேன்."

"படத்துக்குத் துட்டு சேரட்டும்கா. அப்பால வரேன்."

கேளம்பாக்கம் ஜவுளிக்கடை ஹமீதின் மகள் ரிஃபானா இந்த ஆட்டக்காரர்களை வைத்து ஓர் ஆவணப்படம் எடுக்கப் புறப்பட்டிருந்தாள். கேமரா வாடகைக்குக்கூட வழியில்லை. பெரிய மனிதர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், பாராட்டியதோடு சரி. ஞானதாஸ்தான் வழி கண்டுபிடித்தார். அவருடைய மாதா கோயில் திருவிழாவில் நேர்ந்துவிட்ட ஒரே சேவலைப் பல தடவை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுச் சேவலைத் திருப்பிக் கொடுப்பார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். சேவலுக்குப் பதிலாக ஐஸ் பெட்டியில் ஒரு வஞ்சிரத்தை வைத்துக்கொண்டு, ஞானதாஸ் வாராவாரம் கிளம்பினார். கல்பாக்கம் குடியிருப்பு, கேளம்பாக்கம் அடுக்குமாடி வீடுகள், பள்ளிவாசல் கடைத்தெரு என்று ஓர் இடம் பாக்கியில்லை. மைக் கொடுத்தால் வேண்டாம் என்பார். மைக்கில் விட்டால் அது ஏலமா?

குடியிருப்பில் ஸ்ரீதேவி என்ற அம்மாள் கேட்டாள்: "இந்த மீனுக்கு என்ன வயசு சார்? மூணாவது தடவை பார்க்கிறேன்."

"பெரிய மனுசன்மா இது. நாலு பேரு மரியாத பண்ணாத்தான் ஊட்டுக்குப் போவும்."

கூட்டம் சிரித்தது. வசந்தா சிரிக்கவில்லை. அவர் கை இடது காதை அமுக்கிக்கொண்டிருந்தது. காது வலிக்கிறதா என்று கேட்டாள். ஒரு மாதமாக வலிக்கிறது, கடல் காத்து என்றார். தொண்டையில் இருக்கிற நோய் காதில் வலி காட்டுவதை அவள் வார்டில் பார்த்திருக்கிறாள். அந்தப் படுக்கைகளில் கிடந்தவர்களின் முகங்கள்கூட ஞாபகத்தில் இருந்தன. கழுத்தைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள். அவர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்.

கடைசி ஏலம் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதி மைதானத்தில். முதலில் ஆட்டம், பிறகு ஏலம். பந்தின் சத்தம் கேட்க வேண்டும் என்பதால் வந்தவர்கள் குழந்தைகளின் வாயைக்கூடப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மணி கலகலக்க சுஹைப் பந்தோடு வந்தான். இடப்பக்கம் விலகி ஓடினான். நேர் எதிரே கம்பம். ஞானதாஸ் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. மறுபடி திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் இல்லை.

இரும்பில் நெற்றி மோதிய சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

வசந்தா ஓடிப்போய்த் துணியை அழுத்தினாள். பிளவு ஆழமில்லை; மூன்று தையலில் முடியும். ஞானதாஸ் பக்கத்தில் மண்டியிட்டுச் சுஹைபின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடுண்ணே, ஒண்ணியும் ஆவல," என்றான் சுஹைப். "உன் கொரலு கிழிஞ்சிகினே வருதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். மார்கழியில இருந்தே தெரியும்."

வசந்தாவின் கை நின்றது. அவள் கேட்டதற்கு ஒரு மாதம் முன்பே இவர்களின் காது பிடித்திருக்கிறது.

"ஏன்டா யாரும் சொல்லல?"

"சொன்னா அண்ணன ஏலம் போட வுடமாட்டீங்க. படம் நின்னுபூடும். அதான் எங்களுக்குள்ளயே வச்சிகினோம், யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. ஞானதாஸுக்குப் பதிலாக ஹமீது ஏலத்தை நடத்தினார். படத்துக்கு வேண்டியது அன்று சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஞானதாஸைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனாள். டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டு வெகுநேரம் பார்த்தார். கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் தடவினார். இடது பக்கத்தில் ஒரு கட்டியின் மேல் விரல் நின்றது.

"வர ஞாயிறு படம் எடுக்குறாங்க டாக்டர்," என்று ஞானதாஸ் காற்றாய்ச் சொன்னார். "அது முடிஞ்சதும் வந்துடறேன்."

டாக்டர் கையைக் கழுவிவிட்டு வசந்தா பக்கம் திரும்பினார்.

"இவர் கூட வந்தது நீங்கதானா? அவர் வெளியே உட்காரட்டும். நீங்க இருங்க."

கெட்ட சேதிக்கு முன்னால் வருகிற இந்த வார்த்தைகளுக்கு முப்பது வருடம் கதவைத் திறந்துவிட்டவள் வசந்தா. இப்போதும் திறந்தாள். ஞானதாஸை வெளி பெஞ்சில் உட்காரவைத்து, "வாயே தொறக்காத" என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.