கன்னியாவுக்குப் போனது தெரியும், திரும்பி வந்தது தெரியாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. இது ஒரு பயணக் கட்டுரை. ஆனால் பயணத்தின் பின்பாதி எனக்குத் தெரியாது. என் கை போனது, கால் போனது, தலையும் கழுத்தின் மேலேதான் இருந்தது. ஆனால் உள்ளே ஒன்றும் பதியவில்லை. கன்னியாவின் மூன்றாவது வெந்நீர்க் கிணற்றுக்குப் பிறகு நான் எழுதுவதெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. இப்படி ஒரு பயணக் கட்டுரை எழுதுவது எனக்கே கொஞ்சம் வெட்கம்தான். நான் சொல்லச் சொல்ல மகள் தட்டுகிறாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் கம்பஸ் போய்ப் படித்த அவளைக் கேளுங்கள்.

நடந்தது யுத்த காலத்தில். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. திருகோணமலையில் உள்துறைமுகப் பக்கம் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தேன், இப்போதும் வைத்திருக்கிறேன். நிவாரண வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரை விட்டுப் போகும்போது தன் மலைச் சைக்கிளை என்னிடம் தந்துவிட்டுப் போனார். மாட்டுக் கொம்பு மாதிரிக் கைபிடி, முள்ளு முள்ளான டயர், இருபத்தொரு கியர். கடைக்கு வருகிற எல்லாருக்கும் அதைக் காட்டினேன். ஒருத்தரையும் தொட விடவில்லை.

அதை ஓடிப் பார்க்க ஒரு மலை வேண்டும். எங்கள் ஊரில் மலைக்குக் குறைவில்லை, போக விடுகிற மலைக்குத்தான் குறைவு. அப்படிப் பார்த்து மிஞ்சியது கன்னியாப் பக்கம். பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரைக்குக் கடையடியில் வெளிக்கிட்டோம். 'டோம்' என்றால் நானும் வரதனும். வரதன் என் மனைவி ராணியின் தம்பி, துணிக்கடையில் வேலை. அவனிடம் இருந்தது சாதாரண ரோட்டுச் சைக்கிள், பின்னால் கரியர், அதில் குளித்துத் துடைக்கத் துவாயும் ராணி கட்டித் தந்த இடியப்பமும்.

"அத்தான், வெந்நீரில குளிக்கவோ, சைக்கிள் காட்டவோ போறம்?"

"குளிக்கத்தான். உன்ர மணம் தாங்க ஏலாமல் உன்ர அக்காதான் கூட்டிக்கொண்டு போகச் சொன்னவ."

கடையிலிருந்து அனுராதபுரச் சந்தி, பிறகு அனுராதபுர வீதி, கன்னியாவுக்குப் பிரிகிற இடம். எல்லாம் சேர்த்து எட்டு கிலோமீட்டர். இடையில் மூன்று சென்றிப் பொயின்ட், ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற இடம். அந்தக் காலத்தில் பயணம் போனவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து போனால் சேர்ந்து போவதில்லை. ஒருவர் முன்னுக்குப் போவார், மற்றவர் பத்து நிமிடம் கழித்துப் போவார். சேர்ந்து போனால், ஒருவருடைய அடையாள அட்டையில் ஏதும் பிசகு என்றாலும் இரண்டு பேரும் வெயிலில் நிற்க வேண்டிவரும். ஆகவே கேட்டால் எல்லாரும் தனியத்தான். கலியாணத்துக்குப் போகிற பஸ் நிறையச் சனமும் தனியத்தான்.

கேள்வியும் எப்போதும் ஒரே வரிசை. பெயர் என்ன, எங்கேயிருந்து, எங்கே, எதற்கு, யாரோடு. சிங்களத்தில் கேட்பார்கள், சிங்களத்தில் சொல்ல வேண்டும். எனக்குச் சிங்களம் தெரியாது, அந்த ஐந்து பதில் மட்டும் தெரியும். ஒரு நாளைக்கு நாலு தரம், எத்தனை வருடம். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வரும். கடைசிப் பதில் "தனியம", தனியத்தான் என்று. அதைச் சொல்லும்போது கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அட்டையை எடுத்து நீட்டும்.

கன்னியாவில் ஏழு கிணறு. சிறியவை, வாளியைக் கையாலேயே விட்டு அள்ளலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. முதலாவதில் வரதன் கத்தினான். இரண்டாவதில் நான் கத்தினேன். மூன்றாவதில் அள்ளித் தலையில் ஊற்றினேன். ஊற்றிய தண்ணீர் கண்ணுக்குள் போனது.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி வரதனும் ராணியும் உழவு யந்திரக்காரக் காக்காவும் சொன்னது.

குளித்து, இடியப்பம் சாப்பிட்டு, பத்தரைக்குத் திரும்பியிருக்கிறோம். கன்னியாவுக்குப் பின்னால் மேட்டில் ஏறி இறங்கி, கொஞ்சத் தூரம் தள்ளிப் பிரதான வீதிக்கு வருகிற ஒரு கிரவல் பாதை இருந்தது, விறகு ஏற்றுகிறவர்கள் போவது. நான் அதால் வருகிறேன், நீ தார் ரோட்டால் போ, பாதை முடிகிற இடத்தில் யார் முந்தி நிற்கிறது என்று பார்ப்போம் என்றேனாம். போகுமுன் வரதனுக்கு ஒரு பாடமும் எடுத்திருக்கிறேன். வெள்ளைக்காரரின் சைக்கிளில் பிரேக் எங்கள் ஊருக்கு மாறி இருக்கும், இடக்கைதான் முன்சில்லு, பழக்கமில்லாதவன் இறக்கத்தில் இடக்கையை இறுக்கிப் பிடித்தால் தலைகீழாகப் போவான், அதனால்தான் உன்னைத் தொட விடவில்லை என்று. அரைமணி நேரத்துக்குள் இறக்கத்தில் இடக்கையை இறுக்கிப் பிடித்தது நான்.

விறகுக்கு வந்த காக்கா என்னைப் பாதையில் கண்டார். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற சொல்; இவர் கிண்ணியாப் பக்கத்து மனிதர், உழவு யந்திரம் வைத்திருந்தார். நான் பாதையில் இருந்துகொண்டு, "சைக்கிள் எங்கை?" என்று கேட்டேனாம். சைக்கிள் என் மடிக்கு மேலே கிடந்ததாம். என்னையும் அதையும் யந்திரத்தின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு, திரும்பக் கன்னியாப் பக்கத்தாலேயே இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். அதேநேரம் வரதன் மறுமுனையில் காத்திருந்து களைத்து, பாதைக்குள் என்னைத் தேடி ஏறிக்கொண்டிருந்தான். அவன் வந்து சேர்ந்தபோது அங்கே இருந்தது என் ஒரு செருப்பும் கல்லில் கொஞ்ச இரத்தமும். ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. அந்த வருடங்களில் ஒரு செருப்பைக் கண்டால் எங்கள் சனம் என்ன நினைக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், தென்பகுதிப் பிள்ளை, நல்ல மனிதர். காயத்துக்கு ஆறு தையல் போட்டார். தலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. தன் பாஷையான சிங்களத்தில் கேட்டார். பெயர் என்ன? சொன்னேன். எங்கேயிருந்து? சொன்னேன். எங்கே போனது? கன்னியா. எதற்கு? குளிக்க. யாரோடு? தனியம. சொல்லிக்கொண்டே அட்டையை எடுத்து நீட்டினேனாம். டாக்டருக்குச் சந்தோஷம். தலை நன்றாக வேலை செய்கிறது, பின்னேரம் வரைக்கும் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அவர் பிழையில்லை. அந்த ஐந்து பதிலுக்கும் எனக்குத் தலை தேவைப்படுவதில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தனியத்தான் வந்தேன் என்று நானே சொல்லிவிட்டேன். ஆகவே ஒருவரும் வரதனைத் தேடவில்லை.

காக்கா கடையடிக்கு ஆள் அனுப்பி, ராணி வந்து சேர மூன்று மணி. என்னைக் கண்டதும் கன்னத்தில் கைவைத்தா, பிறகு தலைக்கட்டைப் பார்த்தா, பிறகு கேட்டா:

"இஞ்சாருங்கோ, தம்பி எங்கை?"

"ஞாயித்துக்கிழமை உன்ர தம்பி எங்கை இருப்பான்? வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பான்."

ராணி சிரித்துவிட்டா. குறை சொல்ல ஏலாது. நான் அப்படிப்பட்ட ஆள். அதற்கு முந்தின வருடம்தான் வரதனை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, அவன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று சொல்லி அவவை அழவைத்தனான். அதனால் ராணி எழும்பிப் போய்க் கதவுக்குப் பின்னால் பார்த்தா. விறாந்தையில் நின்று, "டேய் வரதா, காணும் பகிடி, வெளியில வா!" என்று கூப்பிட்டா. பக்கத்துக் கட்டிலில் இருந்த வேறு ஒரு வரதன் எழும்பி நின்றாராம்.

திரும்பி வந்து இருந்தா.

"சைக்கிள் எங்கை?" என்றேன்.

"வெளியில மதிலோட நிக்குது. காக்கா கொண்டுவந்தவர். தம்பி எங்கையப்பா?"

"உன்ர தம்பி படுத்திருப்பான். சைக்கிள் எங்கை?"

"இப்பதானே சொன்னனான்."

"என்னத்தைச் சொன்னனீ? சைக்கிள் எங்கை?"

மூன்றாம் தரம் அதே சொல், அதே குரல். ராணியின் முகம் மாறிவிட்டதாம். தாதியைக் கூப்பிட்டு, "மிஸ், இவருக்குத் தலை பிசகிப் போச்சு" என்றா.

தாதி, "இல்லையம்மா, டாக்டர் எல்லாம் கேட்டவர். டக்டக் எண்டு பதில் சொன்னவர். நல்ல பகிடிக்காரர் போலக் கிடக்கு" என்றாவாம்.

"பகிடிக்காரர்தான். பதினொரு வருசமா நான் கேக்கிறன். ஒரு பகிடியை ரெண்டாந்தரம் சொல்லுற ஆள் இல்லை இவர்."

பிறகு என்னிடம் திரும்பி, "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டா. சென்றிப் பொயின்டில் ஒருவரும் கேட்காத கேள்வி. எனக்குத் தெரியவில்லை. நான் யோசித்து யோசித்து, கடைசியில் அட்டையை எடுத்து நீட்டினேனாம். அப்போதுதான் ராணி அழுதா. தாதி டாக்டரைக் கூப்பிட ஓடினா, என்னைத் திரும்பக் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

ஆறு மணிக்குப் பிறகு அந்த வீதியால் யாரும் போகக் கூடாது. மிதிவெடிக்குப் பயந்து பாதைக்கு வெளியே காலடி வைக்கக் கூடாத இடங்களும் அந்தப் பக்கம் இருந்தன. வரதனுக்கு அது தெரியும், ஆனால் ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு என்ன தெரிந்து என்ன? ராணி வெளியில் ஓடினா. காக்கா இன்னும் வாசலில் நின்றார், நான் பிழைப்பேனா என்று பார்த்துவிட்டுப் போக.

"காக்கா, அங்கை வேற ஒருத்தரையும் காணேல்லையோ?"

"ஒத்தரும் இல்ல தங்கச்சி. மாப்பிள தனியத்தான் வந்தாரெண்டு சொன்னாரே."

"அவர் எப்பவும் அப்படித்தான் சொல்லுறவர். ஏறட்டே?"

உழவு யந்திரத்தில் மட்காட்டில் இருந்து என் மனைவி போன ஒரே பயணம் அதுதான். மூன்று சென்றியிலும் இறங்கி உண்மையைச் சொன்னா, காலமை போனது இரண்டு பேர், மற்றவர் என்ர தம்பி, பாதையில் நிற்கிறான் என்று. கடைசிச் சென்றியில் நின்ற பெடியனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருக்கிறது. "காலையில் வந்தவர் எல்லாரும் தனிய" என்றானாம். பிறகு மணிக்கூட்டைக் காட்டி, கெதியாப் போய் வாங்கோ என்று குறுக்குத் தடியைத் தூக்கிவிட்டான்.

பாதையில் ஏறியபோது ஐந்தேகால். ஒருவரும் இல்லை. வாகனச் சத்தம் கேட்டால் ஒளிகிறதுதான் எங்களுக்குப் பழக்கம். காக்கா மெசினை நிறுத்தினார். ராணி பாதை நடுவில் நின்று, குரல் எடுத்துக் கத்தினா:

"வரதா! அத்தான் ஆஸ்பத்திரியில இருக்கிறார்! சைக்கிளைக் கேட்டு எல்லாற்ற உயிரையும் வாங்குறார்! வாடா!"

இரண்டாம் தரம் கத்த, பற்றைக்குள் இருந்து வரதன் வந்தான். சாரம் கிழிந்து, கை முழுக்க முள்ளு. சட்டைக்குள் என் செருப்பு. ராணி அவனுக்கு ஒரு அடி போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்தாவாம். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "மெய்யா கேக்கிறாரோ?" ஆறு அடிக்க முதல் மூன்று பேரும் சென்றியைத் தாண்டிவிட்டார்கள்.

என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். நான் வரதனை மேலும் கீழும் பார்த்து, "என்னடா, துணிக்கடையில வேலை செய்யிறனீ, உனக்கொரு நல்ல சாரம் இல்லையோ?" என்றேனாம். அவன் கட்டில் காலடியில் இருந்து, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதான். அந்த அழுகைதான் எனக்குத் திரும்ப ஞாபகம் வருகிற முதல் விஷயம். ஏன் அழுகிறான் என்று தெரியாமல் நான் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

நடுவில் போனது எனக்குத் திரும்பி வரவே இல்லை. இறக்கம் எப்படி இருந்தது, சைக்கிள் எப்படி ஓடியது, ஒன்றும் தெரியாது. இருபத்தொரு கியரையும் போட்டேனா என்பது எனக்குப் பெரிய கவலை. வரதனிடம் எத்தனையோ தரம் கதை கேட்டிருக்கிறேன். காலமை நடந்ததை நன்றாகச் சொல்லுவான், என்னைப் போலவே நடித்தும் காட்டுவான். பற்றைக்குள் தனிய நின்ற நேரத்தைக் கேட்டால், "தேடினனான் அத்தான்" என்பான். அதோடு எழும்பிப் போய்விடுவான். நானும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனோடு பகிடி விடுவதில்லை.

இனிப் போகிறவர்களுக்கு. சென்றிகள் இப்போது இல்லை, கன்னியா அரை மணி நேரச் சைக்கிள் ஓட்டம். காலை ஏழுக்கு முன் போனால் சனம் குறைவு. ஆட்டோவில் போய்வர ஆயிரத்தைந்நூறு கேட்பார்கள், சிரித்த முகத்தோடு நின்றால் ஆயிரத்துக்கு வருவார்கள். வாடகைச் சைக்கிள் எடுத்தால், ஏறுமுன் எந்தக் கை எந்தச் சில்லு என்று சமதரையில் பிடித்துப் பாருங்கள். ஹெல்மெட் போடுங்கள், தலைமயிர் கலையும் என்று பார்க்க வேண்டாம். கூட வருகிறவரை விட்டுப் பிரியாதீர்கள். ஒருவர் தலை அடிபட விழுந்தால் பெயரையும் ஊரையும் மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள், காலமை சாப்பிட்டது என்ன என்று கேளுங்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னாலோ, சத்தி, அதாவது வாந்தி, எடுத்தாலோ, தலையிடி கூடிக்கொண்டே போனாலோ, எழுப்ப எழுப்ப நித்திரை கொண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்தக் கடைசிப் பகுதி என் சொந்தச் சரக்கு இல்லை. இதற்காகவே போன கிழமை ஒரு டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் ஆறு விஷயம் ஒரு தாளில் எழுதித் தந்தார். வரும் வழியில், மான்கள் சனத்துக்குள் திரிகிற கோட்டை வாசலில் தேத்தண்ணி குடிக்க நின்றபோது தாளைச் சைக்கிள் கரியரில் வைத்தேன். ஒரு மான் வந்து அதைத் தின்றது. எனக்கு ஞாபகம் இருந்த நாலையும் மேலே எழுதியிருக்கிறேன். மற்ற இரண்டையும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.