சார்ஜர் ஓட்டையில் சந்தனம்

செல்லூர் சோலை தினமும் இரண்டு முறை தன் மகளைத் தாண்டிப் போகிறவன். திருநகர் முதலாளி முத்துக்குமரனின் காரில் மோட்டார் சாமான்களை ஏற்றிக்கொண்டு காலையில் ராஜபாளையம் கடைக்குப் போவான். சாயங்காலம் வெறும் வண்டியாகத் திரும்புவான். நடுவில் டி. கல்லுப்பட்டி. அங்கே ரோட்டோரத்துப் பள்ளி விடுதியில் தங்கி மகள் தமிழ்வாணி பதினொன்றாவது படிக்கிறாள். பெற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். முதலாளி வீட்டார் கோயில் குளம் என்று கிளம்புவதும் அதே ஞாயிற்றுக்கிழமைதான்.

வழியில் வண்டியை நிறுத்தினால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகிவிடும். முன் கண்ணாடியில் ஒரு கேமரா இருக்கிறது. அது ரோட்டைப் பார்க்காது, டிரைவரைப் பார்க்கும். அதன் வயர் கியருக்கு முன்னால் உள்ள யூஎஸ்பி பாயிண்டில் செருகியிருக்கும். வண்டி நின்றால் முதலாளியின் போனில் மணி அடிக்கும். நிற்கிற இடமும் முகமும் தெரியும், பேச்சும் கேட்கும். ஒருமுறை சோலை வாய்விட்டே அனுமதி கேட்டான்.

"இன்னைக்கு மகளைப் பாக்கணும்ப, நாளைக்கு மச்சினன் வீட்டுல விசேஷம்ப. ஏண்டா, என் வண்டி என்ன டவுன் பஸ்ஸா?" என்றார் முதலாளி.

ஆடி மாதம் முதலாளி குடும்பம் குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு வந்த மறுநாள், அந்தக் கேமரா செத்துப்போனது. சோலை ஒன்றும் செய்யவில்லை. சத்தியமாகச் செய்யவில்லை. ஆனால் திரும்பும்போது டி. கல்லுப்பட்டியில் கால் தானாக பிரேக்கை மிதித்தது. மணி நாலே கால், பிள்ளைகளைக் கேட்டுக்கு வெளியே டீ குடிக்க விட்டிருந்தார்கள். காராச்சேவு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, அவள் தின்பதையே பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றான். செவ்வாயும் நின்றான், புதனும் நின்றான்.

"அப்பா, நாளைக்கு மார்க் சொல்லிருவாக. வருவீகளா?"

"வாரேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டான். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

டவர் கிடைக்கவில்லை போல என்று மூன்று நாள் பொறுத்த முதலாளி, அன்று சாயங்காலம் வாசலிலேயே நின்றார். "வயரை நீதானடா புடுங்கி விட்ட?"

"இல்ல மொதலாளி."

"நாளைக்குச் சாமான் ஏத்துறதுக்குள்ள கேமரா ஓடணும். இல்லேன்னா சாவியை வச்சுட்டு நடையைக் கட்டு."

இந்த வேலை போனால் விடுதியும் போய்விடும். கேமரா ஓடினாலோ மகள் முகம் போய்விடும். விடுதியில் போனும் கிடையாது, வரமுடியாது என்று சொல்லி அனுப்ப.

காலையில் செல்லூர் சந்தில் கார் ஒயரிங் பார்க்கும் பாண்டிராஜிடம் போனான். பாண்டிராஜ் வேறு வயர் போட்டுப் பார்த்தான், கேமரா எரியவில்லை. தன் போனைச் செருகினான், சார்ஜ் ஏறவில்லை. பியூஸைப் பிடுங்கிப் பார்த்தான், நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் ஓட்டைக்குள் டார்ச் அடித்தவன் சிரித்துவிட்டான்.

"அண்ணே, இதுக்குள்ள யாருண்ணே பொட்டு வச்சது?"

சோலைக்கு அப்போதுதான் விளங்கியது. கோயில் வாசலில் முதலாளியின் மனைவி தாமரைச்செல்வி ஸ்டியரிங், கியர் என்று வரிசையாகச் சந்தனம் வைத்தார். வீட்டார் கூட வரும்போது கேமரா வயரைக் கழற்றி வைத்திருப்பார்கள். நீல வெளிச்சம் தெரிந்த இந்த வெறும் ஓட்டைக்கும் பயபக்தியோடு அழுத்தி ஒன்று வைத்தார். இதைப் போய்ச் சொல்ல முடியுமா? சாமி காரியத்தில் குற்றம் கண்டுபிடித்தவன் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். அதற்கு வயரைப் பிடுங்கியவன் என்ற பழியே தேவலை.

பாண்டிராஜுக்கு மகள் கதை தெரியும். "பாயிண்டே போச்சு, புதுசு வரப் பத்து நாளாகும்னு நான் சொல்லிரவாண்ணே?"

பத்து நாள்! சோலை விரல் மடக்கி எண்ணிப் பார்த்தான். "வேணாம் தம்பி. சாவியைக் கேட்டுருவாரு. சுத்தம் பண்ணு" என்றான்.

பாண்டிராஜ் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் பல்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டினான். ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, உலரவிட்டு மாட்டினான். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்த கையோடு சோலையின் போனும் அடித்தது. "செல்லூர்ல என்னடா பண்ற, இன்னும் சாமான் ஏத்தலையா?"

சாயங்காலம் நாலே காலுக்குத் தமிழ்வாணி கையில் ஒரு தாளோடு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். சோலை எம்புட்டு மெதுவாக முடியுமோ அம்புட்டு மெதுவாக ஓட்டினான். கையசைத்தால் தெரியும், கூப்பிட்டால் கேட்கும். ஹாரனை மட்டும் இரண்டு முறை அடித்தான். வண்டி நிற்கப்போகிறது என்று அவள் தாளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடி வந்தாள். வண்டி நிற்கவில்லை. அவள் கை மெல்லக் கீழே இறங்கியது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

போன் அடித்தது. "எதுக்குடா ஹாரன் அடிச்ச?"

"மாடு ஒண்ணு குறுக்க வந்துருச்சு மொதலாளி."

பெற்ற மகளை மாடு என்று சொன்ன வாயை, திருமங்கலம் வரும்வரை அவன் திறக்கவில்லை.