கரி பஸ்ஸிலிருந்து டகோடாவுக்கு

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருஷம், ஐப்பசி மாதம். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே என் மச்சானுடைய பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் நான் ஓட்டியது விமானம். பர்மா எல்லையில், ஒற்றை எஞ்சின், ஒற்றை இருக்கைப் போர் விமானம்.

இதைச் சொன்னால் அப்போதும் சிலர் நம்பவில்லை; இப்போதும் நம்புவதில்லை. நாமக்கல் பக்கத்தில் சோளமும் நிலக்கடலையும் விளைகிற ஒரு கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போனவன் நான். அங்கே சுவரில் ஒட்டியிருந்த ஆள்சேர்ப்பு விளம்பரத்தைப் பார்த்து விமானப்படைக்குப் போய்விட்டேன். வீட்டில் சொன்னது சேர்ந்த பிறகுதான்.

போர் முடிந்ததும் எங்களில் பெரும்பாலோரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அதில் கவலையே இல்லை. சென்னையிலும் பம்பாயிலும் புதிது புதிதாக விமானக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. ராணுவம் கழித்துவிட்ட டகோடா விமானங்களை மலிவாக வாங்கி, இருக்கை போட்டு, வர்ணம் அடித்துப் பயணிகளை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். விமானம் இருக்கிறது, ஓட்ட ஆள் வேண்டும், நான் ஓட்டத் தெரிந்தவன். வேறென்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

வேண்டியது நிறைய இருந்தது. என்னைப் போல ஊர் திரும்பியவர்கள் ஏராளம். பட்டாளத்தில் பறந்ததை மட்டும் வைத்துக்கொண்டு பயணிகள் விமானத்தில் உட்கார முடியாது. அதற்குத் தனி லைசென்ஸ். வானிலை, திசை கண்டுபிடிப்பது, ஒயர்லெஸ், சட்டதிட்டம் என்று எல்லாவற்றுக்கும் பரீட்சை. படித்து எழுதி அதையும் வாங்கினேன். முதலில் கூப்பிட்ட கம்பெனியில் என் போர்க்களக் கதைகளை எல்லாம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள், மரியாதையாகவே வேண்டாம் என்று அனுப்பினார்கள். நான் அசரவில்லை. இன்னொரு கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். பதில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று என் அக்காவின் கணவரிடம் வேலை கேட்டேன். அவருக்குச் சேலம் சூரமங்கலத்தில் வீடு. சொந்தமாக ஒரே ஒரு பஸ்.

“ஆகாசத்துல ஓட்டுனவனுக்கு ரோட்டுல ஓட்டறதா பெருசு? எடுத்துக்க மாப்ள” என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கொடுத்தார் மச்சான்.

பெட்ரோல் தட்டுப்பாடு இன்னும் தீராத காலம் அது. பஸ்ஸின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு கரியடுப்பு மாட்டியிருக்கும். அதில் மரக்கரி எரிந்து வரும் வாயுவில்தான் எஞ்சின் ஓடும். சின்ன மேடு வந்தால்கூட முனகும். வழியில் நின்றுவிட்டால் போச்சு. கண்டக்டர் இறங்கிக் கரியைக் கிளறி, காற்றடித்து மறுபடி கிளப்புவதற்குள் பயணிகள் எல்லாரும் மரத்தடியில் வெற்றிலை போட்டு முடித்திருப்பார்கள். வான்படை எஞ்சினோடு பழகிய எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. போகப் போக அந்த வண்டியின் சுபாவம் எனக்கு அத்துபடியாகிவிட்டது.

ஒரு நாள் பிற்பகல் சேலத்தில் நல்ல வெயில். பஸ் நிறைய ஜனம். பனமரத்துப்பட்டி தாண்டும்போது ஜருகுமலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடப்பதைப் பார்த்தேன். ராசிபுரத்துக்குப் போகும் வழியில் ஒரு ஓடை குறுக்கிடும். அதன் மேல் தரைப்பாலம். மற்ற நாட்களில் அங்கே வெறும் மணல்தான். அன்று மலைத்தண்ணீர் செம்மண் நிறத்தில் பாலத்துக்கு மேலே சுழித்துக்கொண்டு ஓடியது.

பஸ்ஸைக் கரையிலேயே நிறுத்தினேன். இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் தண்ணீருக்குள் நடந்து பார்த்தேன். முழங்காலுக்கு மேலே இருந்தது. இழுப்பும் இருந்தது. கடக்க முடியாத தண்ணீர் என்று சொல்ல மாட்டேன். வண்டி நிற்காமல் ஓடினால் கடந்துவிடலாம். நடுவில் நின்றால்? அடுப்புக்குள் தண்ணீர் புகுந்தால் அந்த வண்டியை அன்று முழுக்கக் கிளப்ப முடியாது. உள்ளே பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

“தண்ணி வடியட்டும். அப்புறம் போகலாம்” என்றேன்.

முன் இருக்கையில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் இருந்தார். காலடியில் இரண்டு தகரப் பெட்டிகள். அவர்தான் முதலில் எழுந்தார்.

“ஏனுங்க டிரைவரு, இதென்னங்க இப்படி நிறுத்திப்போட்டீங்க? எம்பட தங்கச்சி மவளுக்கு வெடிஞ்சா முகூர்த்தமுங்க. சீரெல்லாம் இந்தப் பொட்டியிலதான் இருக்குது. தாய்மாமன் நான் போகாம அங்க என்னங்க நடக்கும்?”

“புரியுதுங்க. ஆனா இந்த வண்டி நடுவுல நின்னுட்டா...”

“நிக்காதுங்க! இந்தத் தண்ணிக்கெல்லாம் வண்டி நிக்குமுங்களா?”

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கொங்கு நாட்டில் தாய்மாமன் வராமல் கல்யாண மேடையில் ஒன்றும் நடக்காது. பின்னால் இருந்தவர்களும் அவரோடு சேர்ந்து சத்தம் போட்டார்கள். கண்டக்டர் என் காதருகே வந்து, “போயிப்போடலாமுங்க. மொதலாளிக்குத் தெரிஞ்சா வைவாருங்க” என்றார். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு லாரி வந்தது. உயரமான வண்டி, பெட்ரோலில் ஓடுவது. லாரிக்காரர் தண்ணீரை ஒரு பார்வை பார்த்தார். “வாரவங்க ஏறிக்குங்க” என்றார். பெரியவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஏறினார். பஸ்ஸில் பாதிப் பேர் அவர் பின்னால் போனார்கள்.

லாரி தண்ணீருக்குள் இறங்கியது. நான் கரையில் நின்று பார்த்தேன். நடு ஓடையில் அதன் பின்சக்கரம் ஓரமாகச் சறுக்கியது. மேலே நின்றவர்கள் கத்தினார்கள். மறு நிமிஷம் லாரி உறுமிக்கொண்டு அக்கரை மேட்டில் ஏறிவிட்டது. பெரியவர் அங்கிருந்து திரும்பிப் பார்த்து, “கையில வளவி போட்டுக்கிட்டு ஓட்டுங்க!” என்று உரக்கச் சொன்னார். லாரியில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு வலிக்கவில்லை என்றால் அது பொய்.

பஸ்ஸில் மிஞ்சியவர்கள் வயதானவர்களும் பிள்ளைக்காரிகளும்தான். அவர்களில் ஒருத்தி இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு குழந்தைகளோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க” என்றாள். “நான் ஒண்டியா வந்திருந்தா அந்த லாரியிலதான் ஏறியிருப்பனுங்க. இதுகளை வெச்சுக்கிட்டு எப்படிங்க ஏறுவேன்? நீங்க நிறுத்துனதும் எனக்கு உசுரு வந்துச்சுங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டாள்.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. தரைப்பாலத்தில் ஒரு கல்கூடப் பெயரவில்லை. நாங்களும் கடந்து போனோம். முதலிலேயே இறங்கியிருந்தாலும் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. இதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் திரும்பி வருவதற்குள் சேதி சூரமங்கலம் போய்ச் சேர்ந்திருந்தது. மச்சான் கோபக்காரர் அல்ல. ஆனால் ஒற்றை பஸ்ஸை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்.

“ஜப்பான்காரனுக்குப் பயப்படாதவன் ஓடைத் தண்ணிக்குப் பயந்துபோட்டானாமான்னு ஸ்டாண்டுல கேக்கறாங்க மாப்ள. நம்ம வண்டியில ஏறுனா ஊரு போயிச் சேர முடியாதுன்னு ஒரே பேச்சு.”

“நான் செஞ்சது சரிதான் மச்சான்.”

“சரியோ தப்போ, சனம் ஏறோணுமல்ல? கொஞ்ச நாளைக்கு ஊட்டுல இரு சாமி.”

இப்படியாக விமானத்துக்குப் பிறகு பஸ்ஸும் போயிற்று. அக்காதான் அழுதாள். நான் லைசென்ஸ் பாடங்களை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சில வாரங்களில், நான் எழுதிப் போட்டிருந்த அந்த இன்னொரு கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. சேலம் ஜங்ஷனில் ரயிலேறிச் சென்னைக்குப் போனேன்.

கம்பெனி வராந்தாவில் எனக்கு முன்பே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். எல்லாரும் என் மாதிரி ஆட்கள்தான். சிலர் என்னைவிட அதிக நேரம் பறந்தவர்கள். இரண்டு பேர் மார்பில் பதக்கம். உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தலை நரைத்த தலைமை விமானி. ஆங்கிலத்தில்தான் பேச்சு.

போரைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. பட்டாளத்தை விட்டு வந்த பிறகு என்ன செய்தேன் என்று கேட்டார். பஸ் ஓட்டினேன் என்றேன். பக்கத்தில் இருந்தவர் புன்னகைத்தார். அந்த வேலையை ஏன் விட்டீர்கள் என்று தலைமை விமானி கேட்டார்.

இந்த நேர்முகத்துக்காக விட்டேன் என்று சொல்லிவிட்டிருக்கலாம். நான் நடந்ததைச் சொன்னேன். லாரி பத்திரமாகக் கடந்ததையும் விடவில்லை.

புன்னகைத்தவர் குறுக்கே புகுந்தார். “லாரி போய்விட்டதே! அப்படியானால் உங்கள் கணிப்பு தவறுதானே?”

“லாரி உயரம், பெட்ரோல் வண்டி. என்னுடையது கரி வண்டி. நடுவில் நின்றால் கிளம்பாது. எனக்குத் தெரிந்ததை வைத்து முடிவு செய்தேன். நாளைக்கு அதே வண்டியோடு அதே தண்ணீருக்கு முன்னால் விட்டாலும் நிறுத்தத்தான் செய்வேன்.”

தலைமை விமானி பேனாவைக் கீழே வைத்தார். “போரில் எத்தனை தடவை இப்படிப் போகாமல் நின்றீர்கள்?”

“ஒரு தடவைகூட இல்லை. அங்கே என் பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.”

தலைமை விமானி மற்ற இருவரையும் பார்த்தார். அடுத்த நாள் காலை மீனம்பாக்கத்துக்கு வரச் சொன்னார். அங்கே டகோடாவில் தன் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் ஓட்டச் சொன்னார். இரண்டு எஞ்சின் எனக்குப் புதிது, கொஞ்சம் தடுமாறினேன். கீழே இறங்கியதும், “ஓட்டுவதை நாங்கள் கற்றுக்கொடுத்துவிடுவோம்” என்று மட்டும் சொல்லிக் கைகொடுத்தார். துணை விமானியாக வேலை கிடைத்தது. சில வருஷங்களில் கேப்டன் ஆனேன்.

அதற்குப் பிறகு மோசமான வானிலையைப் பார்த்து எத்தனையோ முறை விமானத்தைத் திருப்பியிருக்கிறேன், கிளப்பாமலே வைத்திருக்கிறேன். பயணிகள் கோபித்துக்கொள்வார்கள். வேறு கம்பெனி விமானம் போய்விட்டதே என்று கேட்பார்கள். கேட்கட்டும். துணிந்து போவதற்குப் பட்டாளம் என்னைப் பழக்கியது. போகாமல் நின்றுவிட்டு, மற்றவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததைக் கேட்டும் கலங்காமல் இருப்பதற்கு அந்த ஒரு பிற்பகல்தான் என்னைப் பழக்கியது, அந்தத் தைரியத்தில்தான் கடைசிவரை பறந்தேன்.