பழைய கம்ப்யூட்டரிலிருந்து எல்லாம் வந்துருச்சா?

பழைய கம்ப்யூட்டரில் இருப்பதைப் புதுசுக்கு மாற்றுவதும் வீடு மாற்றுவதும் ஒன்றுதான். என்ன, இதில் சாமான் போவதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. பார்க்க முடியாததைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, "சரியா இருக்கா, பாருங்க" என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற என் இனத்தாரே, இது உங்களுக்காக.

தொண்ணூறுகளின் நடுவில், காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஒரு மாதம் பார்க்கலாம் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். முதலாளியின் நிபந்தனை ஒன்றே ஒன்று. மாதம் முடிவதற்குள் ஒரு வாடிக்கையாளராவது தன் வாயால் "எல்லாம் வந்துருச்சு" என்று சொல்ல வேண்டும். சொன்னால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் காளையார்கோவிலில் மாமாவின் உரக்கடை. அங்கேயும் ஏற்றி இறக்கும் வேலைதான். ஆனால் மூட்டை கண்ணுக்குத் தெரியும்.

தராசில் ஏறிய ஃப்ளாப்பி

மானகிரியில் ஓர் ஆச்சி, கல்யாண வீடுகளுக்கு முறுக்கு, சீடை, அதிரசம் செய்து அனுப்புகிறவர். அவருடைய பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் ஃப்ளாப்பியில் ஏற்றினேன். புதுசில் போடப்போகும்போது ஆச்சி கையை நீட்டி ஃப்ளாப்பியை வாங்கிக்கொண்டார். நேரே பலகாரத் தராசுக்குப் போனார். ஒரு தட்டில் நான் ஏற்றிய ஃப்ளாப்பி, இன்னொன்றில் பையிலிருந்து எடுத்த வெறும் ஃப்ளாப்பி. முள் அசையவில்லை.

இது அப்படித்தான் ஆச்சி, கனம் இருக்காது என்று விளக்கிப் பார்த்தேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. முறுக்கு பிழிந்துகொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஆச்சி ஃப்ளாப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"காத்தை அடைச்சுக் குடுக்குறீக தம்பி. நாங்க முறுக்குல அப்பிடிப் பண்ணமாட்டோம்."

பத்தரை மணி

பழைய கதவு, தூண் விற்கிற கடைக்காரர் அடுத்தவர். வெள்ளிக்கிழமை காலை. ஃப்ளாப்பி பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது மணி பத்தரை. ராகுகாலம் வந்துருச்சு என்றபடி அவரே கையை விட்டு ஃப்ளாப்பியை உருவி எடுத்துவிட்டார். இறங்கிக்கொண்டிருந்த கோப்பு நாசம். திரையில் ஏதோ பிழை என்று வந்தது. நான் தலையில் கைவைத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"பாத்தீகளா? ராகுகாலத்துல தொட்டா என்னாகும்னு இப்பத் தெரியுதுல்ல?"

இரண்டு தட்டு

ஒக்கூர் சவரிமுத்து வாத்தியார் வீட்டில் மட்டும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கேள்வித்தாள்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. இவர் சொல்லிவிடுவார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வரி அடித்துப் பார்த்தார். வார்த்தைகள் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டதுபோல் தள்ளித் தள்ளி நின்றன.

விஷயம் இதுதான். பழைய கீபோர்டில் இடம் விடும் கட்டையை இரண்டு தடவை தட்டினால்தான் ஒரு இடம் விடும். வாத்தியாருக்கு வருஷக்கணக்கில் அதே பழக்கம். அந்த இரண்டு தட்டையும் புதுசுக்கு மாற்றித் தரச் சொன்னார். நான் பழைய கீபோர்டையே எடுத்துப் புதுசில் சொருகினேன். பழைய திரையில் பச்சை எழுத்து என்றார், புதுசிலும் பச்சையாக்கினேன். வாத்தியார் தட்டிப் பார்த்து, தள்ளி நின்று பார்த்து, உள்ளேயிருந்து மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா ஒரு பார்வைதான் பார்த்தார்.

"எல்லாம் பழசு மாதிரியேதான இருக்கு. அப்பறம் என்னத்துக்குப் புதுசு வாங்குனீக?"

முடி கொட்டும் வயசு

மாதத்தின் கடைசி நாள். டிக்கெட் போட்டுத் தரும் ஜமால் பாய், கடைப் படியேறி வந்துகொண்டிருந்தார். அவருக்கு மாற்றிக் கொடுத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. முதலாளி டீயைக் கீழே வைத்தார். நான் மனசுக்குள் உர மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.

பாய் புதுசு வாங்கக் காரணமே, சாயங்காலமானால் பழசில் எழுத்தெல்லாம் பொலபொலவென்று திரையின் அடியில் கொட்டியதுதான். வயசானால் முடி கொட்டுகிற மாதிரி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்லவில்லை. நான் போனது காலையில். ஒரு எழுத்தும் கொட்டவில்லை.

"அண்ணே, தம்பி நல்லாத்தான் பாத்திருக்காரு. எல்லாம் வந்துருச்சு. எழுத்துக் கொட்டுறது மொதக்கொண்டு வந்துருச்சு."

எனக்குப் புரிந்துவிட்டது: வைரஸ். என் ஃப்ளாப்பியில் டிக்கெட் இல்லாமல் ஏறிப் போயிருக்கிறது. முதலாளி என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

"பாய் வாயால சொல்லிட்டாரு, நீ இனிமே நம்ம ஆளு. நாளைக்கி மொத வேலையா அங்குட்டுப் போயி அந்தக் கொட்டுறதை நிப்பாட்டிட்டு வா."

என் வேலையை நிரந்தரமாக்கித் தந்த அந்த வைரஸை மறுநாள் காலையில் என் கையாலேயே அழித்தேன். நன்றி பார்த்தால் இந்தத் தொழிலில் காலம் தள்ள முடியாது.