டி.வி.யில் வந்த சாட்சி

சில மாதங்களுக்கு முன் என் வாட்ஸ்அப்பில் ஒரு கோர்ட் சம்மன் வந்தது.

மோசடி என்றுதான் முதலில் நினைத்தேன். ‘டிஜிட்டல் கைது’ என்று ஆளாளுக்கு மிரட்டிக்கொண்டிருக்கும் காலம், யாருக்குத்தான் சந்தேகம் வராது? டெலீட் செய்யப் போனவனை அதில் இருந்த ஒரு பெயர் நிறுத்தியது. ரம்யா.

மூன்று வருஷத்துக்கு முன்னால், திருச்சியிலிருந்து சென்னைக்குத் திரும்பும் வழியில், உளுந்தூர்பேட்டையில் காபிக்காகக் காரை நிறுத்தினேன். சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். என் கண் முன்னால் ஒரு லாரி, ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை அடித்துத் தள்ளியது.

ஓடிப்போய்த் தூக்கினேன். பத்தொன்பது வயதுப் பெண். நர்ஸிங் மாணவி. சொந்த ஊர் கல்வராயன் மலையில் என்று பின்னால் தெரிந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலை என் மடியில்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன்பே போய்விட்டாள்.

போலீஸிடம் பெயர், விலாசம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். குடும்பத்தார் வரும்வரை காத்திருக்கவில்லை. அந்த முகங்களைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை... அதுதான் உண்மை.

வழக்கில் நான் சாட்சி. இதற்கு முன் இரண்டு முறை தபாலில் சம்மன் வந்தது. ஒருமுறை காய்ச்சல் என்று எழுதி அனுப்பினேன். இன்னொருமுறை வெளியூர் வேலை. காய்ச்சல் நிஜம்தான் – ஆனால் பஸ் ஏற முடியாத காய்ச்சல் இல்லை. சென்னையிலிருந்து போக வர ஒரு முழு நாள். அந்த நாளை மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும். எதற்கு?

இந்த முறை சாக்குக்கே இடமில்லை. சட்டத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். சம்மன் போனில் வருகிறது. சாட்சி வீடியோவில் பேசலாம். சென்னையில் ஒரு கோர்ட் வளாகத்தில் இருந்த வீடியோ அறையில் போய் உட்கார்ந்தேன். எதிரே திரை. திரைக்குள் உளுந்தூர்பேட்டையின் சின்னக் கோர்ட் ஹால்.

அரசு வக்கீல் கேட்டார். லாரி எந்தப் பக்கம் வந்தது? என்ன வேகம்? ஹாரன் அடித்தாரா? சொன்னேன். டிரைவரின் வக்கீலும் குறுக்கு விசாரணை செய்தார்.

“அந்தப் பொண்ணு என் மடியில இருக்கும்போது ஒண்ணு சொல்லுச்சுங்க...” என்று ஆரம்பித்தேன்.

“விபத்தைப் பத்தியா?” என்று கேட்டார் நீதிபதி.

“இல்லைங்க. அவங்க அம்மாவைப் பத்தி.”

“அது இந்த வழக்குக்குத் தேவைப்படாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்.” கனிவாகத்தான் சொன்னார். சட்டப்படி அவர் சொன்னது சரியும்கூட.

அப்போதுதான் கவனித்தேன். ஹாலின் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து நடந்து வந்தார். திரைக்கு வெகு அருகில்... என் முகத்தையே பார்த்தபடி. டவாலி போட்ட கோர்ட் ஊழியர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். இணைப்பு முடிந்தது. மொத்தமே அரை மணி நேரம். வெளியே வந்து டீ குடித்தேன். ‘இவ்வளவு சுலபமா?’ என்று தோன்றியது.

போன் அடித்தது. அந்தக் கோர்ட்டில் டியூட்டி பார்க்கும் ஏட்டு.

“சார், கிட்ட வந்துச்சே... அதான் அந்தப் பொண்ணோட அம்மா. சின்னப்பொண்ணுன்னு பேரு. ஒரு வாய்தா வுடாம மலையிலேர்ந்து வந்துடும். வரத் தேவையில்லம்மான்னாலும் கேக்காது.”

“எதுக்கு வர்றாங்க?”

“உங்களப் பாக்கத்தான் சார். பொண்ணு கடைசியா இன்னா சொல்லிச்சின்னு உங்களக் கேக்கணுமாம். இப்ப டி.வி.ய ஆஃப் பண்ணதும் ‘அவரு எங்க போய்ட்டாரு’ன்னு கேட்டுக்கினு நிக்கிது.”



பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியில் நான் கோர்ட்டுகளை எத்தனை தடவை கிண்டலடித்திருப்பேன்? வாய்தா, வாய்தா, வாய்தா என்று. இந்த வழக்கின் வாய்தாக்களில் இரண்டு என்னுடையவை.

போனில் சொல்லியிருக்கலாம். ‘போன அதுகிட்ட குடுக்கட்டுமா சார்?’ என்றுகூடக் கேட்டார் ஏட்டு. ஆனால்... போனில் சொல்கிற விஷயமா அது? அவர் ஊருக்கு வழி கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை கிளம்பினேன். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை. அங்கிருந்து ஒரு ஷேர் ஜீப். சின்னப்பொண்ணு மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்தார். அடையாளம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“டி.வி.ல வந்தவரு...”

“ஆமாம்மா.”

வரப்பில் உட்கார்ந்தோம். நலம் எதுவும் விசாரிக்கவில்லை. நேராகக் கேட்டார். “இன்னா சார் சொன்னா?”

ரம்யா சொன்னதை அப்படியே சொன்னேன். “அம்மாவுக்கு இப்ப சொல்லாதீங்க சார். கடைசி பஸ்ஸு போயிருக்கும். நடந்துக்கினே எறங்கிடும்.”

அவ்வளவுதான் அந்தப் பெண் பேசியது.

சின்னப்பொண்ணு ரோடு இறங்கும் திசையைப் பார்த்தார். பிறகு, “நடந்துதான் சார் எறங்கனேன்” என்றார். “போலீஸ்காரரு பக்கத்து வூட்டு ஆளு போனுக்குப் பண்ணாரு. பஸ்ஸு இல்ல. பாதி மலைக்கு நடந்துட்டேன். அப்பறம்தான் ஒரு ஜீப்பு வந்துச்சி.”

மறுபடி கேட்டார். “அவ சொன்னா மாதிரியே இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

சொன்னேன். மூன்றாவது முறை கேட்டார். சொன்னேன். அப்போதுதான் அழுதார்.

“அவளுக்குத் தெரியும் சார் என்னப் பத்தி.”

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. “ரெண்டு வாய்தாவுக்கு நான்தாம்மா வரல. வந்திருக்கலாம்... வரல.”

“தெரியும் சார்” என்றார். கோபம் இல்லை. “ரெண்டு நாளும் உங்க பேரச் சொல்லி மூணு மூணு வாட்டி கூப்ட்டாங்க. நான் வாசலையே பாத்துக்கினு இருந்தேன்.”



புதிய சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அது வந்திருக்காவிட்டால் இன்னும் எத்தனை வாய்தா வாங்கியிருப்பேனோ. சாட்சிகளை இழுத்து வர அது நல்ல வழி செய்திருக்கிறது. விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் கடைசி பெஞ்சில் இருப்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்று யாராவது ஒருவர் வாய் திறந்து கேட்க வேண்டும். ஏட்டு கேட்டார். அதனால்தான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் பெயருக்கு ஒரு சம்மன் வந்தால் தயவுசெய்து தட்டிக் கழிக்காதீர்கள்.

போன வியாழக்கிழமை தீர்ப்பு. லாரி டிரைவருக்குச் சிறைத் தண்டனை. ஏட்டுதான் போனில் சொன்னார்.

“அந்தம்மா வந்தாங்களா?” என்று கேட்டேன்.

“வரல சார். தகவல் சொல்லி அனுப்பியும் வரல. இதான் மொத வாட்டி.”