கனகம்மா ரீச்சரும் இரண்டு பொய்களும்

கனகம்மா ரீச்சர் காலமான செய்தியை எனக்குச் சொன்னது வானொலியின் மத்தியான மரண அறிவித்தல். மூதூர் இறங்குதுறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். "திருகோணமலையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை" என்று தொடங்கியதும் கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாஸ்டர், இது உங்களோட புத்தகம் எழுதின ரீச்சர் இல்லையா?" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டு, குடித்த குறையில் எழும்பி திருகோணமலைக்குப் போகும் அடுத்த லோஞ்ச் படகைப் பிடித்தேன்.

நகரத்தில் இறங்கியதும் சுவரில் கண்ணீர் அஞ்சலி நோட்டீசு ஒட்டியிருந்தது. பசை காயவில்லை. ரீச்சரின் படத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், "இத்துறைமுக மண்ணின் ஆதிக்குடிகள் நாமே என நிலைநாட்டிய வரலாற்றரசி." வாசித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, குமட்டிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் எவ்வளவு கெஞ்சியும் ரீச்சர் எழுத மறுத்த வசனம் அதுதான். மறுத்ததற்காக இதே ஊர் அவரைத் துரோகி என்றது. இப்போது அவரால் கிழிக்க ஏலாது என்று தெரிந்ததும் அதையே அவருடைய படத்துக்குக் கீழே ஒட்டிவிட்டார்கள். அவரை அறிந்தவர்களுக்கு நான் ஏன் கொதிக்கிறேன் என்று விளங்கும். அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அவர் நகரத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பித்தவர். மூதூர் முஸ்லிமான நான் இன்னொரு பாடசாலையில் புவியியல். சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில், கொழும்பில் எழுதப்படும் வரலாற்றுப் பாடநூலைத் தமிழாக்கும் வேலை அவரிடம் வந்தது. நிலப்படங்களுக்குப் பெயர் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். அப்படித்தான் பழக்கம். அந்தப் புத்தகத்தில் ராசாக்கள் குளம் கட்டினார்கள், விகாரை கட்டினார்கள். தமிழர் வரும்போதெல்லாம் வள்ளத்தில் வந்து வாளோடு இறங்கினார்கள், பிறகு அடிவாங்கிக்கொண்டு போனார்கள். ரீச்சர் ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் சொன்னார்: "மாஸ்டர், உங்கட ஆக்களையும் தேடிப் பாத்தனான். ஒரேயொரு வரியில ஏலக்காய் வித்திட்டுப் போயிட்டினம்." இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை.

இதை மாற்றச் சொல்லி அவர் கொழும்புக்கே போனார். பாடநூல் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரி மிகவும் மரியாதையானவர், கதிரை போட்டு இருத்தினாராம். "ஒரு தேசம் புதிதாகப் பிறந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு கதாநாயகன் வேண்டும், ஒரு எதிரியும் வேண்டும். இல்லாவிட்டால் மனதில் பதியாது" என்று விளக்கினாராம். தமிழில் படிக்கும் பிள்ளைகளில் பலர் அந்த எதிரியின் இனத்தவர்கள் என்று ரீச்சர் சொன்னதற்கு, அவர்கள் பரீட்சை முடிய மறந்துவிடுவார்கள் என்று பதில் வந்தது. திரும்பி வந்து, சொன்னபடி மொழிபெயர்த்துக் கொடுத்தார். உத்தியோகம் அது. ஆனால் அச்சாகி வந்த புத்தகத்தைத் தொட்ட பிறகு, குசினிக்குப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவினார். சமையற்காரி மீன் வெட்டிய கையைக் கழுவுவதுபோல, நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவினார்.

அதன் பிறகுதான் இந்தக் கரையின் வரலாற்றைத் தானே எழுதுவதென்று இறங்கினார். கல்லும் செப்பேடும் தேடி மற்றவர்கள் போனார்கள். ரீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். படம் கீற நானும் போனேன். எந்த வளவுக்குப் போனாலும் அவர் முதலில் கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்கு முந்தி இதில ஆர் இருந்தது?" நீங்கள் ஆர், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று அவர் தொடங்கியதே இல்லை. அந்தக் கேள்விக்குச் சனங்கள் ஒளிக்காமல் பதில் சொன்னார்கள். நிலாவெளியில் கரைவலைக்காரர் ஒருவர், "எங்கட பூட்டன் ஆக்கள் அக்கரையால வந்தவை. முந்தி இதில காடுதான், உள்ளுக்க ஆரோ இருந்தவையாம்" என்றார். தோப்பூரில் ஒரு வயல்காரர், "இது நம்மட மூத்தவாப்பா ஒரு சைவக் குடும்பத்திட்ட வாங்கின காணி. அவங்களும் எங்கயோ இருந்து வந்ததுதானாம்" என்றார். நிலாவெளிக் கரையிலேயே மீன்வாடிக் குடிசை போட்டிருந்த சிங்கள மீனவர் ஒருவர் தனக்குத் தெரிந்த தமிழில், "அப்பா சீசனுக்கு வந்தது. பிறகு போகல்ல" என்று சொல்லிச் சிரித்தார். ரீச்சர் அவருக்கும் வெற்றிலை கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "பாத்தீங்களே மாஸ்டர், வீட்டு முத்தத்தில இருந்து கதைக்கேக்க எல்லாரும் வந்தனாங்கள் எண்டுதான் சொல்லினம். மேடையில ஏறினாத்தான் இது எப்பவும் எங்கட எண்டு கத்தினம்." இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். "ஆர் முதல் வந்தது எண்டு கேக்கிறவன், ஆரைக் கலைக்கிறது எண்டு முடிவெடுத்திட்டுத்தான் கேக்கிறான்." அந்த நாட்களில் எனக்கு இது கொஞ்சம் கூடுதலாகப் பட்டது. கூட்டங்களில் தேசம், தேசியம், மரபுவழித் தாயகம் என்று முழங்கியவர்களில் சிலர் நல்ல மனிதர்கள் என்று அவரோடு வாதாடியிருக்கிறேன். நல்ல மனிதர்கள்தான் மோசமான புத்தகம் எழுதுகிறார்கள் என்று அவர் சொல்லி முடித்துவிடுவார்.

குடியரசு அரசியலமைப்பு வந்த காலத்தில் தெற்கிலிருந்து ஒரு புத்தகம் வெளிவந்தது. இந்தத் துறைமுகமும் சுற்றியுள்ள ஊர்களும் ஆதியிலிருந்து தங்களுடையவை, மற்றவர்கள் பிறகு ஒட்டிக்கொண்டவர்கள் என்று ஒரு சிங்களப் பண்டிதர் எழுதியிருந்தார். அதற்குப் பதில் வேண்டும் என்று நகரத்துத் தமிழ்ப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் வழக்குகள் பேசும் ஒரு புரொக்டர். ரீச்சர் எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதியை அச்சிடுவதென்று முடிவாயிற்று. அதில் "வந்தவர்கள்" என்று ஒரு அத்தியாயம் இருந்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடையெல்லாம் அதற்குள் இருந்தது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், வெள்ளைக்காரன் துறைமுக டொக்யாட்டு வேலைக்குக் கொண்டுவந்த மலையாளிகள், பறங்கியர், எல்லாருக்கும் முந்தி இருந்து எல்லாராலும் ஒதுக்கப்பட்ட வேடர் என்று ஒவ்வொருவரும் தங்கள் வாயால் சொன்னது.

புரொக்டர் வீட்டுக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். புரொக்டர் அந்த அத்தியாயத்தை மேசையில் தள்ளி வைத்தார். "ரீச்சர், நீங்கள் எழுதினது பிழை எண்டு சொல்லேல்லை. ஆனா அவங்கள் முழு ஊரையும் தங்கட எண்டு எழுதுறாங்கள். இந்த நேரத்தில நாங்களும் வந்தனாங்கள் எண்டு சொன்னா, அவங்கள் அதை மட்டும் வெட்டி எடுப்பாங்கள். இது எங்கட கழுத்துக்கு வாற கத்தி" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. குடியேற்றத் திட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து ஊர்களின் பெயரே மாறிக்கொண்டிருந்த காலம் அது. ரீச்சர் அத்தியாயத்தைத் தன் பக்கம் இழுத்து எடுத்தார். பிறகு சொன்னார்: "ஒரு பொய்யை மொழிபெயர்த்துச் சம்பளம் எடுத்தனான். ரெண்டாவது பொய்யை என்ட கையால எழுத ஏலாது. இருக்கிறதுக்கு எங்களுக்கு உரிமை இருக்கு எண்டு சொல்லுறதுக்கு, முதல் வந்தனாங்கள் எண்டு ஏன் சொல்லவேணும்? பிறந்தனாங்கள், உழைச்சனாங்கள், எங்கட ஆக்களை இதில புதைச்சும் எரிச்சும் போட்டம். அது காணாதே?" கூட்டத்தை ஒத்திவைத்தார்கள்.

புத்தகம் வந்தது. அத்தியாயம் இல்லை. முகவுரையில் அவர் எழுதாத ஒரு பந்தி, "ஆதிக்குடிகள் நாமே" என்று தொடங்கியது. அட்டையில் அவருடைய பெயர். வெளியீட்டு விழாவில் மாலை போட்டு மேடைக்கு அழைத்தார்கள். ரீச்சர் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒலிவாங்கியில், "இதில என்ட பேர் இருக்கு. ஆனா இது நான் எழுதின புத்தகம் இல்லை. இஞ்ச எல்லாரும் வந்தவை, நாங்களும் வந்தனாங்கள்" என்றார். இறங்கி நடந்தார். பின்வரிசையிலிருந்து யாரோ துரோகி என்று குரல் கொடுத்தார்கள். விடிந்தபோது அவருடைய வாசல் படலையில் சாணி அப்பியிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அடுத்த கிழமை கொழும்புப் பத்திரிகை ஒன்றில் பெட்டி கட்டிய செய்தி வந்தது. திருகோணமலைத் தமிழர் வந்தேறிகளே என்று தமிழ் ஆசிரியை ஒருவர் மேடையில் ஒப்புக்கொண்டாராம். எல்லாரும் வந்தவை என்ற பாதி அந்தச் செய்தியில் இல்லை. புரொக்டர் சொன்னது அப்படியே நடந்தது. நான் பத்திரிகையோடு போனபோது ரீச்சர் அதை ஏற்கெனவே வாசித்திருந்தார். "அவர் சொன்னது சரிதான் மாஸ்டர். வெட்டிப்போட்டாங்கள்" என்றார். பிறகு, "பாருங்கோ, ரெண்டு பக்கமும் ஒரே கத்திரிக்கோலைத்தான் வைச்சிருக்கினம்" என்றார். அப்படியானால் சொன்னதற்காக வருந்துகிறீர்களா என்று கேட்டேன். இல்லை, எனக்கு அருவருப்பாக இருக்கிறது, அது வேறு என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அவரிடம் படித்த பெண்களே வீதியில் கண்டால் மற்றப் பக்கம் மாறினார்கள். ரீச்சர் வழமைபோலக் குடையோடு சந்தைக்குப் போனார், மீன்காரனிடம் பேரம் பேசினார், காலையில் கோயிலுக்குப் போனார். தன்னைத் துரோகி என்று எழுதிய துண்டுப்பிரசுரம் ஒன்றை எனக்கு வாசித்துக்காட்டி, அதில் வரலாற்றுப் பிழைகளைத் திருத்தியும் வைத்திருந்தார். அப்போது மட்டும் அவர் சிரித்ததைக் கண்டேன்.

செத்த வீட்டில் முதலில் பேசியவர் அதே புரொக்டர். நாடியைத் தடவிக்கொண்டு, "எம் இனத்தின் அடையாளத்தை உலகறியச் செய்த அம்மையார்" என்றார். ஒருவருக்கும் கூச்சமில்லை. சாணி அப்பியது யார் என்று தெரிந்தவர்கள் நாலு பேராவது அந்தப் பந்தலில் இருந்தார்கள், அவர்களும் தலையாட்டினார்கள். ரீச்சரின் தம்பி என் கையைப் பிடித்து, "மாஸ்டர், நீங்கள் ரெண்டு வார்த்தை கதையுங்கோ" என்றார். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்றவர், நேரம் போய்விட்டது, பிரேதம் எடுக்க வேண்டும் என்றார். என்னை மறித்த பிறகும் இன்னும் மூன்று பேர் பேசினார்கள். சைவக் குடும்பங்களில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு நினைவு மலர் அச்சிட்டுக் கொடுப்பது வழக்கம். அதற்கு ஒரு பக்கம் தரச் சொன்னார்கள். "முஸ்லிம் சகோதரர்களும் ரீச்சரை நேசித்தார்கள் என்று ஒரு வசனம் வந்தால் நல்லது" என்று சொல்லியும் அனுப்பினார்கள். அவர்களுக்கு ஏலக்காய் விற்க ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் எழுதியது இது. இதை அவர்கள் போடமாட்டார்கள்.

இனி என் பக்கத்தையும் சொல்லவேண்டும். செத்த வீடெல்லாம் முடிந்து சில நாட்களில் மூதூரில் என் வீட்டுக்கு நாலைந்து பேர் வந்தார்கள். எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள், ஒருவர் என் மகளின் மாமனார். "சிங்கள ஆக்கள் ஒரு புத்தகம் போட்டாங்க, தமிழ் ஆக்கள் ஒண்டு போட்டாங்க. நம்மளுக்குத்தான் ஒண்டுமில்ல. மாஸ்டர்தான் எழுதணும். இந்தத் துறையில முதல்ல கப்பலால இறங்கினது நாமதான் எண்டு அடிச்சு எழுதுங்க. நம்மட பிள்ளைகளுக்கும் ஒரு அடையாளம் வேணுமே" என்றார் சம்மந்தி. அன்பாகத்தான் சொன்னார். எனக்கு வாய் கசந்தது.

"எழுதலாம் சம்மந்தி" என்றேன். "நாம இறங்கக்குள்ள இந்தக் கரையில இருந்த வேடக் குடும்பங்கள் எங்க போச்சு எண்டதையும் சேத்து எழுதட்டா? நாம இப்ப இருக்கிற இந்த வளவு அதுக்கு முதல் ஆர்ட எண்டு என்ட வாப்பா மௌத்தாகிறதுக்கு முந்திச் சொன்ன. அதில இருந்து தொடங்கட்டா?"

சம்மந்தி தேத்தண்ணிக் கோப்பையைத் தொடாமல் எழும்பினார். மற்றவர்களும் எழும்பினார்கள். வாசலில் நின்று ஒருவர், நீங்க அந்த ரீச்சரோட சேந்து கெட்டுப் போனீங்க என்றார். அன்றிலிருந்து என் மகள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மற்றவன் எழுதும் பொய்யில் எல்லாருக்கும் குமட்டும், அதற்குப் படிப்பு வேண்டியதில்லை. சொந்த ஆட்கள் அன்போடு கொண்டுவந்து நீட்டும் பொய்யிலும் குமட்டவேண்டும். கனகம்மா ரீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் குமட்டலைத்தான். அதோடு அவர் அந்த ஊரிலேயே, அந்தச் சனத்துக்குள்ளேயே, கடைசிவரை சந்தைக்குப் போய் வந்தார். என் சனத்துக்குள் அப்படிப் போய் வருவது எனக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.