பாக்தாத்து ஓட்டம்

எங்கள் செஞ்சி சில நாட்களுக்கு பாக்தாத்தாக இருந்திருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பு வந்த கறுப்புவெள்ளைப் படக்காரர்கள் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலை அரண்மனையாக்கி, ராஜகிரி மதிலை பாக்தாத் மதிலாக்கினார்கள். பாக்தாத்தில் இத்தனை புளியமரம் ஏது என்று எந்த ரசிகரும் கேட்டதாகத் தகவல் இல்லை. சிப்பாய் வேஷத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் களையெடுக்க ஆள் கிடைக்காத அளவுக்கு ஊரே அங்கி மாட்டிக்கொண்டது. என் நைனாவும் அவர் தம்பியும் அதில் சேர்த்தி. மதில்மேல் காட்சிக்கு அவர்கள் இருவரை மட்டும்தான் நிறுத்தினார்கள், மற்ற ஊர்க்காரர்கள் யாரும் அன்று அங்கே இல்லை.

நைனா சொல்லி வந்த கதை இது. எதிரிப்படை வந்தபோது அவர் தனியாக நின்று வாள் வீசி, மதில்மேலிருந்து வைக்கோலில் விழுந்து வீரமரணம் அடைந்தார். தம்பி வாளைப் போட்டுவிட்டு ஓடினார். ஓடும்போது கல் தடுக்கிக் கால் முறிந்தது.

சித்தப்பா சாகும்வரை நொண்டினார். கதைக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. "விழுந்தது நான்தான்யா" என்று சொல்லிப் பார்த்தார். ஊர் சிரித்தது. படமோ செஞ்சிக்கு வராமலே பெட்டிக்குள் போய்விட்டது. "இன்னா பாக்தாத்து ஓட்டம், டீ சாப்டியா?" என்றுதான் கடைத்தெருவில் அவரை விசாரிப்பார்கள். அவர் செத்த அன்று மாலையோடு வந்தவர்கூட, "பாக்தாத்து ஓட்டம் வீடு எது?" என்றுதான் வழி கேட்டார்.

நைனாவின் கதைதான் என்னை எழுத்தாளனாக்கியது. பாக்தாத்தில் நடக்கும் மூன்று சாகசத் தொடர்கள் எழுதினேன். மூன்றிலும் நாயகன் மதில்மேலிருந்து குதிப்பான். நான் திண்டிவனம் தாண்டினால் பஸ்ஸில் வாந்தி எடுப்பவன்.

போன பொங்கலுக்கு யாரோ புண்ணியவான் அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றியிருந்தார். எண்பதைத் தாண்டிய நைனாவுக்கு அப்போதுதான் கண்புரை எடுத்திருந்தது. சாவதற்குள் தன்னைத் திரையில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. சொல்லிச் சொல்லிக் கதையை அவரே நம்பிவிட்டிருந்தார். இல்லாவிட்டால் சித்தப்பா மனைவியைக் கூப்பிடச் சொல்லியிருக்க மாட்டார்.

"சின்னம்மாவ கூட்டியாடா. புருசன் ஓடனத அவளும் பாக்கட்டும்."

டிவியில் போட்டேன். எதிரிப்படை வந்தது. ஒரு சிப்பாய் வாளைப் போட்டுவிட்டு ஓடினான். முதுகுதான் தெரிந்தது. முதுகு யாருடையதாகவும் இருக்கலாம். ஆனால் நாலடி ஓடியதும் அவன் குதிகாலால் அங்கியின் விளிம்பைப் பின்னால் எத்தி, ஓட்டத்திலேயே கையில் பிடித்து, வேட்டியைப் போல மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

"அய்ய, நம்ம ஆளு!" அம்மா கைதட்டினாள். "பஸ்ஸுக்கு ஓடறப்ப இப்டித்தானே எத்துவாரு!" அவளுக்கு நிஜமான சந்தோஷம். புருஷன் சினிமாவில் வந்துவிட்டார்.

மதில்மேல் மிச்சமிருந்தவன் திரும்பினான். சித்தப்பா. மீசை முளைத்தும் முளைக்காத முகம். வாள் வீசினார், விழுந்தார். வைக்கோலைக் கஞ்சத்தனமாகத்தான் போட்டிருந்தார்கள் என்பது கறுப்புவெள்ளையிலேயே தெரிந்தது. சித்தப்பா எழுந்திருக்கவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். நடிப்பு பிரமாதம்.

"இன்னொரு தபா போடுப்பா" என்றாள் சின்னம்மா. போட்டேன். மறுபடியும் கேட்டாள். அழவில்லை.

நைனா தொண்டையைச் செருமினார். "கேமராக்காரன் ஆள மாத்திப் புடிச்சுட்டான்."

"ஆமா மாமா," என்றாள் சின்னம்மா. "காலயும் மாத்தி ஒடச்சுட்டான்."

பிறகு என் பக்கம் திரும்பி, இத எம்புள்ள போனுக்கு அனுப்பிடு என்றாள். அனுப்பினேன். விடிவதற்குள் தெருவிலிருந்த எல்லா போன்களிலும் நைனா ஓடிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் டீக்கடைக்குப் போவதில்லை. என் நாலாவது தொடரும் பாதியில் நிற்கிறது. நாயகன் மதில்மேல் ஏறிவிட்டான், குதிக்கமாட்டேன் என்கிறான்.

போன வாரம் வாசலில் யாரோ குரல் கொடுத்தார்கள். "பாக்தாத்து ஓட்டம் இருக்காருங்களா?"

அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"உள்ளதான் படுத்துனு இருக்காரு. வாங்க."